ஐந்து வெள்ளி என்றால் விரதம் இல்லை: கொழும்பில் இருந்து மலேசிய இளங்கவிஞர்களை வாசிக்க ஒரு வழிகாட்டி

போன வருடம் ஒரு மலேசியக் கவிதையை விரதக் கவிதை என்று நண்பர் வட்டத்தில் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். 'ஐந்து வெள்ளி', 'பசியாறினேன்' இரண்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஐந்து வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, பாறணை முடித்து, பசி ஆறுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூரில் கன காலம் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் பின்வரிசையில் இருந்து, "தம்பி, அவர் ஐந்து ரிங்கிட்டுக்குக் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான்" என்றார்.

மொழி நம்முடையது, எழுத்தும் நம்முடையது, அகராதி எதற்கு என்ற நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது. அதோடு, புத்தகம் எடுப்பிக்கிறேன் என்று காசையும் லீவையும் தொலைத்த கதை தனி. இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதல் மாதம் புத்தகத்துக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்

புத்தகத்துக்கு அவசரப்பட வேண்டாம். வல்லினம் இணைய இதழில் தொடங்குங்கள். எழுத்தாளர் ம. நவீன் தொடங்கியது. கதை, கட்டுரை, நேர்காணலோடு கவிதையும் வரும், வாசிக்கக் கட்டணம் இல்லை. பழைய இதழ்களும் அங்கேயே கிடக்கின்றன. ஒரு கவிஞர் பிடித்துவிட்டால் அவருடைய பெயரைத் தமிழ் விக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் போட்டுப் பாருங்கள். மலேசிய எழுத்தாளர்கள் பலரைப் பற்றி அங்கே பதிவு இருக்கிறது, நூல்பட்டியலும் கிடைக்கும். அந்தப் பட்டியல் பிறகு கடையில் கைகொடுக்கும்.

தொலைபேசியில் கவிதை வாசிப்பது எனக்குச் சரிவரவில்லை. விரல் தானாக அடுத்ததற்கு ஓடிவிடுகிறது. பத்துக் கவிதையைத் தெரிவுசெய்து, வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பக்கத்துக்கு 20 ரூபாப்படி 200 ரூபா. ஓரத்தில் நிறைய வெள்ளை விட்டு எடுக்கச் சொல்லுங்கள், குறிப்பு எழுத அந்த இடம் வேண்டும்.

ஒரு பொறி: 'இளம்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். நம்மூர்க் கவியரங்கில் 'இளங்கவிஞர்' என்று மேடைக்குக் கூப்பிடப்படுபவரின் மூத்த பிள்ளை சாதாரண தரம் எழுதிக்கொண்டிருக்கும். அங்கேயும் கதை அதேதான். பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிய அறிமுகக் குறிப்பில் 'புதிய குரல்' என்று இருந்தவர்கள் இன்றைக்கு மற்றவர்களுக்குப் பட்டறை நடத்துகிறார்கள். ம. நவீன், கே. பாலமுருகன், பூங்குழலி வீரன் ஆகியோரை முதலில் வாசித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்தவர்களிடம் போவது நல்லது. யாருக்கு யார் மறுமொழி சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

இன்னொரு பொறி சிங்கப்பூர். தேடலில் இரண்டு நாடும் கலந்துதான் வரும். அடுக்குமாடி, ரயில், அலுவலகம் என்று கவிதையின் சாமான்களும் ஒன்றுபோல இருக்கும். கவிஞரின் ஊர் எது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2. கொழும்பில் தேட ஒரு நாள் ஒதுக்குங்கள்

கடைக்குப் போய் "மலேசியக் கவிதைப் புத்தகம் இருக்குதா?" என்று கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்ட ஒரு கடையில் சிங்கப்பூர்த் தொகுப்பு ஒன்றை எடுத்துத் தந்தார்கள். நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன், பிழை இருபக்கமும்தான். ஒரு துண்டில் நூலின் பெயர், எழுதியவர், பதிப்பகம், வருடம், பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். "யார் போட்ட புத்தகம்?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வியாக இருக்கும்.

வெள்ளவத்தையில் இருந்து தொடங்கினால் பஸ் செலவு குறைவு. காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை, பிறகு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். நூலகத்தில் அங்கத்துவம் எடுக்கும் யோசனை இருந்தால் தேசிய அடையாள அட்டை, அதன் போட்டோக்கொப்பி, முகவரிக்கு ஒரு அத்தாட்சி மூன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தடவை அலைய வேண்டி வராது. பின்னேரம் புறக்கோட்டைப் பக்கம் போனால் செட்டியார் தெருவிலும் மக்கள் பூங்காக் கட்டடத்திலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன.

கொழும்புக் கடைகளுக்குப் புத்தகம் பெரும்பாலும் சென்னையில் இருந்துதான் வருகிறது. அதனால் மலேசிய நூல் ஒன்றுக்குச் சென்னைப் பதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். வல்லினம் சில நூல்களைத் தமிழ்நாட்டின் யாவரும் பதிப்பகத்தோடு சேர்ந்து வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நூல் என்றால் கோலாலம்பூரில் இருந்து எடுப்பிக்கத் தேவையே இல்லை. சென்னைக்கு ஓடர் போடும்போது இதையும் சேர்க்கச் சொன்னால் போதும். சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில் நடப்பதால் மாசி, பங்குனியில் கேட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் அளவில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

3. மலேசியாவில் இருந்து எடுப்பிப்பது

மேலே சொன்ன வழி சரிவராவிட்டால் மட்டும் இது. ஏனென்றால் செலவு. நான் எடுப்பித்தது மெல்லிய கவிதைத் தொகுப்புகள் மூன்று, ஒவ்வொன்றும் 20 ரிங்கிட். ரிங்கிட் அப்போது 70 ரூபாவை ஒட்டி இருந்தது, ஆக 4,200 ரூபா. அஞ்சல் செலவு அதைவிடக் கூட. புத்தகத்தின் விலையைப் பார்த்துச் சந்தோசப்படாமல் "கொழும்புக்கு அனுப்ப எல்லாமாக எவ்வளவு?" என்று முதலே கேளுங்கள்.

காசு கட்டுவது அடுத்த தலையிடி. அங்கே சிறிய பதிப்பாளர்கள் உள்ளூர் வங்கிக் கணக்கு இலக்கத்தையோ கியூஆர் படத்தையோ அனுப்பிவிட்டு "போட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்தக் கியூஆர் நம்முடைய தொலைபேசியில் வேலை செய்யாது. வங்கி அட்டையால் கட்டும் வசதி இருந்தால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அட்டை திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையா, அங்கே வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் அங்கே கட்டுவார், நீங்கள் இங்கே அவருடைய வீட்டில் ரூபாவாகக் கொடுத்துவிடலாம். அவரே லீவில் வரும்போது கொண்டுவந்தால் அஞ்சல் செலவும் மிச்சம். ஆனால் விமானத்தில் எடை கணக்கு, அவருடைய பெட்டியில் வீட்டுச் சாமானுக்குத்தான் முதலிடம். கவிதைப் புத்தகம் என்றால் மூன்று, நான்குக்கு மேல் கேட்காதீர்கள்.

அஞ்சலில்தான் என்றால் நான் விட்ட இரண்டு பிழைகளை நீங்கள் விடாதீர்கள்.

ஒன்று, பெயர். அனுப்பியவர் என்னுடைய சிநேகிதர். பார்சலில் என்னை வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டார், கூடவே 'அண்ணா' என்றும் போட்டிருந்தார். வந்து எடுக்கச் சொல்லி அட்டை வந்தது, போனேன். என் அடையாள அட்டையில் இருக்கும் பெயருக்கும் அதற்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருத்தமில்லை. கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த அண்ணா யார்?" என்று கேட்டார். அன்றைக்குப் பார்சல் கிடைக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம், கொழும்பு 06 என்பதோடு 00600 என்ற அஞ்சல் குறியீடு, கடைசியில் இலங்கை என்று நாட்டின் பெயர், இவ்வளவையும் நீங்களே எழுதிப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, கெட்டித்தனம். 'அன்பளிப்பு' என்று எழுதி விலையை வெறுமையாக விட்டால் சுங்கத்தில் கேள்வி வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே செய்வித்தேன். அதனால்தான் கேள்வி வந்தது. என்ன புத்தகம், எத்தனை, என்ன விலை என்று பில் ஒன்று பார்சலுக்குள்ளும், அதன் பிரதி உங்கள் தொலைபேசியிலும் இருக்கட்டும். 'அச்சிட்ட புத்தகங்கள்' என்று வெளியே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எடுக்கப் போகும்போது அறிவித்தல் அட்டை, அடையாள அட்டை, பில் மூன்றும் வேண்டும். கேட்கிற கட்டணம் எதுவாக இருந்தாலும் ரசீது வாங்குங்கள்.

எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டி அனுப்பச் சொல்லாதீர்கள். அங்கே எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், பார்சல் மூலையில் கிடக்கும்.

4. சொற்கொப்பி ஒன்று போடுங்கள்

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சொல்லையும் நமக்கு அது என்ன என்பதையும், வலப்பக்கம் அங்கே அது என்ன என்பதையும் எழுதுங்கள். தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் முதலில் கொப்பியில் ஏற வேண்டும். தெரியாத சொல்லில் கண் தானாக நிற்கும். தெரிந்த சொல்லைத் தாண்டி ஓடிவிடும்.

பழகுவதற்காக நானே கட்டிய நான்கு வரி இது. கவிதை என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்:

ஐந்து வெள்ளிக்குப் பசியாறி
எட்டாங்கட்டையில் மோட்டாரை நிறுத்தினேன்.
படிவம் மூன்று முடித்த தங்கச்சி
சிவப்பு ஐ.சி.யை இன்னும் மறைத்து வைத்திருக்கிறாள்.

ஒரு கொழும்புக்காரர் இதை எப்படி வாசிப்பார்? விரதக் கதையை மேலே சொல்லிவிட்டேன். மோட்டார் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. படிவம் என்றால் கச்சேரியில் நிரப்பிக் கொடுப்பது. மூன்று படிவத்தை நிரப்பி முடித்த தங்கச்சி என்று நினைத்தால் வரி ஓடத்தான் செய்கிறது, சிக்கலே அதுதான். அங்கே வெள்ளி என்பது ரிங்கிட். பசியாறுவது காலைச் சாப்பாடு. மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். படிவம் மூன்று என்பது இடைநிலைப்பள்ளியில் மூன்றாவது வகுப்பு, தங்கச்சிக்குப் பதினைந்து வயது இருக்கும். 'கட்டை' மட்டும் நமக்குச் சுகம். கட்டை என்றால் மைல் என்று நம் பெரியவர்களும் சொல்வார்கள். எட்டாங்கட்டை, எட்டாவது மைல் கல்லை வைத்து வந்த இடப்பெயர்.

கடைசி வரியில்தான் ஆள் விழுவார். நமக்கு ஐ.சி. என்றால் அடையாள அட்டை, அதற்கு நிறம் ஒரு விசயமே இல்லை. மலேசியாவில் நிறம்தான் எல்லாம். நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை. பச்சை என்றால் தற்காலிக வசிப்பு. அங்கேயே பிறந்து வளர்ந்தும் பத்திரச் சிக்கலால் சிவப்போடு நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தங்கச்சி ஏன் மறைக்கிறாள் என்பது இப்போது தெரியும். 1948இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை போன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மலாய் மொழியில் இருந்து தமிழுக்குள் வந்து குடியிருக்கும் சொற்களுக்குக் கொப்பியில் நான்கு பக்கம் விடுங்கள். கித்தா என்றால் றப்பர். தாமான் என்றால் வீடமைப்புத் திட்டம். கம்போங் என்றால் கிராமம். பாசார் மாலாம் என்றால் இரவுச் சந்தை. ஜாலான் என்றால் வீதி. தவுக்கே என்றால் சீன முதலாளி. சில கவிஞர்கள் இதற்கெல்லாம் அடிக்குறிப்புப் போடுவார்கள், இளையவர்கள் பலர் போடுவதில்லை. போடாமல் விடுவதுதான் சரி என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்துக் கவிதைக்கு நாம் அடிக்குறிப்புப் போட்டா எழுதுகிறோம்?

பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கங்காணி, லயம் (வரிசை வீடு) ஆகிய தோட்டத்துச் சொற்களை நுவரெலியாக்காரர் யாரும் கொப்பியில் எழுதத் தேவையில்லை. ஆனால் மழையை எழுதிக்கொள்ளுங்கள். ஆம், மழைதான். தேயிலைத் தோட்டத்தில் மழையிலும் கொழுந்து எடுப்பார்கள். றப்பரில் மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளம் கஷ்டம். ஆகவே றப்பர்த் தோட்டத்துக் கவிதையில் விடிய நான்கு மணிக்குத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால், அதில் குளிர்ச்சியைத் தேடாதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் காசு இல்லை. களுத்துறை, கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அவரோடு சேர்ந்து வாசியுங்கள். எனக்கு மழையைச் சொல்லித் தந்தது அப்படி ஓர் அக்காதான்.

நேரக் கணக்கு: ஒரு கவிதைக்கு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு ஒன்று. முதல் வாசிப்பில் பேனையைத் தொடாதீர்கள். மூன்று கிழமையில் கொப்பியில் ஐம்பது, அறுபது சொல் சேர்ந்துவிடும், பிறகு வேகம் தானாக வரும்.

5. எல்லாவற்றையும் மலையகமாக்காதீர்கள்

மேலே சொன்னதற்கு நேர் எதிரான பொறி இது. ஒத்துமை கண்ணில் பட்டதும் ஒவ்வொரு கவிதையிலும் தோட்டத்தைத் தேடத் தொடங்கிவிடுவோம். நான் ஒரு மாதம் அப்படித்தான் திரிந்தேன். ஆனால் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, றப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்து, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்து கன காலம். இன்றைக்கு எழுதும் பிள்ளைகளில் நிறையப் பேர் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய கவிதையில் பழுதான லிப்டு, தொழிற்சாலை பஸ், இரவு வேலை முடிந்து குடிக்கும் தே தாரிக் என்ற பால் தேநீர், மூன்று மொழியில் திட்டு வாங்கும் பள்ளிக்கூட நாள் எல்லாம் வரும். தோட்டம் வந்தால் பாட்டியின் வாயால் வரும். அதை வாசிக்க மாளிகாவத்தை மாடிவீட்டுக்காரர் ஒருவர்தான் பொருத்தமான துணை.

போட்டிக் கவிதைத் தொகுப்புகளையும் முதலில் எடுக்காதீர்கள். தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல் இருக்கும் நாடு, விழாக்களுக்குக் குறைவில்லை. 'தமிழே, தாயே' என்று தொடங்குவது எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?

6. மலாயில் எழுதுபவர்கள்

தமிழ்ப் பிள்ளைகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அதையும் எட்டிப் பாருங்கள். மலாய்ச் சொல்லுக்கு மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகா நடத்தும் இணைய அகராதி இலவசம். கொழும்பில் மலாய்க்காரர் இருக்கிறார்களே என்று கொம்பனித்தெருவில் ஒரு பெரியவரிடம் தாளை நீட்டினேன். சொற்களில் பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆனால் வசனம் எங்கள் வீட்டு வசனம் மாதிரி இல்லை" என்று தாளைத் திருப்பித் தந்தார். இலங்கை மலாய், தமிழோடும் சிங்களத்தோடும் பழகி வினைச்சொல்லை வசனக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது.

பந்துன் என்ற நான்கு வரிப் பாட்டு வடிவம் அடிக்கடி எதிர்ப்படும். முதல் இரண்டு வரி ஓர் இயற்கைக் காட்சியாக இருக்கும், அடுத்த இரண்டில்தான் சொல்ல வந்தது இருக்கும். ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும் இயையும், இரண்டும் நான்கும் இயையும். முதல் இரண்டு வரிக்குள் உள்ளுறை உவமம் தேடி நான் ஓர் இரவைச் செலவழித்தேன். பல பந்துன்களில் அந்த வரிகளின் வேலை ஓசையை எடுத்துக் கொடுப்பதுதான்.

7. கவிஞரிடம் எழுதிக் கேளுங்கள்

கொப்பியில் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் சொற்கள் கடைசிவரை சில இருக்கும். அதற்குக் கவிஞரையே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் முகநூலில் இருக்கிறார்கள், வாசகர் என்று சொன்னால் மறுமொழி வரும். கவிதையின் பெயர், வரி, சொல் மூன்றையும் எழுதி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தக் கவிதையின் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சைக் கேள்வி. பிடிஎப் அனுப்பச் சொல்லியும் கேட்காதீர்கள். தன் காசில் அச்சடித்தவரிடம் அதைக் கேட்பது முறையில்லை.

நேரத்தையும் பாருங்கள். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறார்கள். நாம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக ஒன்பது மணிக்குச் செய்தி போட்டால் அங்கே பதினொன்றரை. பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் அனுப்புங்கள்.

நான் வெள்ளிக் கதையை ஒருவருக்கு எழுதி அனுப்பினேன். சிரித்துவிட்டு, "சரி, உங்கள் ஊரில் காசுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். "கொழும்பில் சல்லி என்று சொல்வோம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுமொழி வந்தது: "சல்லியா? அது வேர் இல்லையா?"